உப்பளக் குடும்பத்துடன் நான்கு இரவுகள்: ஒரு உடன்தங்கல் பயிற்சியின் மதிப்புரை

வளர்ச்சிப் பணியில் இருப்பவர்கள் ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டில் சில நாட்கள் தங்கி, அவர்களோடு உண்டு உறங்கி, அவர்கள் செய்யும் வேலையைத் தாங்களும் செய்து, பிறகு அந்த அனுபவத்தைத் தங்கள் அலுவலக முடிவுகளோடு பொருத்திப் பேசும் பயிற்சி ஒன்று உண்டு. தொண்டு நிறுவன வட்டாரத்தில் இதை ‘எக்ஸ்போஷர்’ என்றும் ‘இம்மர்ஷன்’ என்றும் சொல்வார்கள். இங்கே ‘உடன்தங்கல்’ என்று எழுதுகிறேன். வாழ்வாதாரத் திட்டங்களுக்கான கடன், மானிய விண்ணப்பங்களைப் பரிசீலித்து நிதி ஒதுக்கப் பரிந்துரைப்பது என் வேலை. அந்த வேலையின் பொருட்டு என் அலுவலகம் கட்டணம் செலுத்தி, பிப்ரவரி மாதத்தில் குஜராத்தின் சிறிய கட்ச் ரான் பகுதியில் நடந்த ஏழு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பியது. அதை நடத்திய அமைப்பின் பெயரை நான் எழுதவில்லை. அமைப்பைச் சொன்னால் நான் தங்கிய குடும்பத்தைக் கண்டுபிடிப்பது எளிது; அவர்கள் எனக்கு அளித்த அனுமதி அவர்களுடைய வேலையைப் பற்றி எழுதுவதற்கே தவிர, அவர்களை அடையாளம் காட்டுவதற்கு அன்று. இத்தகைய பயிற்சியில் சேர எண்ணும் எவரும், அதை எந்த அமைப்பு நடத்தினாலும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த முறை நேற்று தோன்றியதல்ல. ஜெர்மனியின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகத்தில் பணியாற்றிய கார்ல் ஓஸ்னர் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் திருச்சபையினரும் ஏழைக் குடும்பங்களோடு தங்கி, அந்தக் குடும்பத்தவரின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி, பின்னர் அதன் அடிப்படையில் விவாதிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த வழி. 1972இல் எலா பட் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா என்னும் சுயதொழில் புரியும் பெண்களின் தொழிற்சங்கம் இந்த முறையைத் தன் வழிமுறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டு, வெளிநாட்டு அறிஞர்களையும் அதிகாரிகளையும் தன் உறுப்பினர்களின் வீடுகளில் தங்க வைத்தது. 1990களில் ஜேம்ஸ் வுல்ஃபன்சன் தலைவராக இருந்தபோது உலக வங்கி தன் மேலாளர்களைக் கிராமத்தில் தங்கி வர அனுப்பியது. 2004 ஜனவரியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரவி கன்பூர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் அகமதாபாத் சென்று சேவா உறுப்பினர்களின் வீடுகளில் தங்கிவிட்டு, குறைந்தபட்சக் கூலி என்பது வேலைவாய்ப்பைக் குறைக்குமா, அல்லது வீட்டிலிருந்து பீடியும் ஊதுபத்தியும் உருட்டும் பெண்ணுக்குப் பேரம் பேச ஒரு பிடிமானமாக இருக்குமா என்று சேவாவின் அமைப்பாளர்களோடு நேருக்கு நேர் விவாதித்தார்கள். பாடநூலில் கூலிச் சந்தையின் வரைபடத்தை வரைந்து பழகியவர்கள், அந்த வரைபடத்துக்குள் நிற்கும் பெண்ணின் வீட்டில் உறங்கி எழுந்து அதே கேள்வியை மீண்டும் எதிர்கொண்டார்கள் என்பது எனக்கு இந்த முறையின் மீது நம்பிக்கை தந்த செய்தி.

எனினும் ஐயத்தோடுதான் புறப்பட்டேன். தார்ச்சாலை போகும் தூரம் வரை மட்டுமே போய், மழைக்காலத்தில் போகாமல், திட்டம் நடக்கும் ஊரில் மட்டும் இறங்கி, ஊர்த்தலைவரிடம் மட்டும் பேசித் திரும்புவதை பிரிட்டிஷ் வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1980களிலேயே ‘ஊரக வளர்ச்சிச் சுற்றுலா’ என்று கண்டித்தார். நான்கு இரவுகள் தங்குவது அந்தச் சுற்றுலாவின் சற்று நீண்ட வடிவமாக முடிந்துவிடுமோ என்பது என் அச்சம். அந்த அச்சம் முழுதும் பொய்யாகவில்லை, முழுதும் மெய்யாகவும் இல்லை.

அறிமுக நாள் அகமதாபாத்தில் நடந்தது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிசுப் பொருள் கொண்டுபோகக் கூடாது, வாக்குறுதி எதுவும் தரக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, வீட்டார் உண்பதையே உண்ண வேண்டும், கேள்வித்தாள் எதையும் வெளியே எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் ஒரு களப்பணியாளரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கொடுத்தார்கள். என்னோடு வந்தவர் டெல்லியில் பணியாற்றும் பொதுச்சுகாதார அலுவலர். மறுநாள் காலை சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து சுரேந்திரநகர் மாவட்டத்தின் காராகோடா பக்கம் சென்றோம். ஆங்கிலேயர் காலம் முதல் உப்புக் கிடங்குகளுக்கும் உப்பு ஏற்றும் ரயில்பாதைக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அதைக் கடந்ததும் சாலை முடிந்து, வெடித்துக் காய்ந்த களிமண் தரை தொடங்குகிறது. அதன்மேல் வண்டித்தடத்தைப் பார்த்தே ஓட்டுநர் வழி கண்டுபிடித்தார்.

சிறிய ரான் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான வெளி. மழைக்காலத்தில் நீர் தேங்கி ஆழமற்ற கடல்போல ஆகிவிடும். அப்போது அங்கே இறால் பிடிப்பார்கள். நீர் வடிந்ததும், அக்டோபர் வாக்கில், அகாரியா என்று அழைக்கப்படும் உப்புத் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு உள்ளே வந்து, சாக்கும் தார்ப்பாயும் மரக்கழிகளும் கொண்டு குடிசை கட்டி, கோடை முடியும் வரை சுமார் எட்டு மாதம் அங்கேயே வாழ்கிறார்கள். நிலத்தடியில் இருக்கும் உவர்நீர் கடல்நீரைவிட அடர்ந்தது. கிணறு வெட்டி அதை இறைத்து, காலால் மிதித்து இறுக்கிய பாத்திகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ச்சி, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்க வைக்கிறார்கள். பூத்த உப்பு ஒட்டித் தரையாகிவிடாமல், பல் வைத்த கனத்த மரச்சட்டத்தால் நாள்தோறும் அதைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியாவின் உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு குஜராத்திலிருந்து வருகிறது. அதில் ரானின் பருத்த படிக உப்புக்குத் தனியிடம் உண்டு.

நான் தங்கிய குடிசையில் கணவன், மனைவி, கணவனின் தாய், இரண்டு குழந்தைகள். குடும்பத்தலைவி என்னைப் ‘பென்’ என்று அழைத்தார். குஜராத்தியில் அது சகோதரியைக் குறிக்கும் மரியாதைச் சொல். நானும் அவரை அப்படியே அழைத்தேன். முதல் மாலை அவர் எனக்குக் கைகால் கழுவ ஒரு செம்பு நீர் கொடுத்தார். நான் பழக்கத்தில் அதை முழுதும் ஊற்றிக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான், அவருடைய மாமியார் அதே அளவு நீரில் இரவுச் சமையலின் பாத்திரங்கள் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் நீர் நிறைந்த பாத்திகள் இருக்கும் அந்த இடத்தில் குடிக்கும் நீர் ஒரு சொட்டும் கிடையாது. டேங்கர் வரும் நாளில் பிடித்து வைப்பதுதான் அடுத்த டேங்கர் வரும் வரைக்கும். அது எப்போது வரும் என்பது உறுதியில்லை. இரண்டு விருந்தினர், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு களப்பணியாளர் என நான்கு பேர் நான்கு நாட்கள் அந்தத் தொட்டியிலிருந்து குடித்தோம். பயிற்சியை நடத்தியவர்கள் எங்களுக்கென்று இரண்டு கேன் குடிநீர் அனுப்பியிருந்தார்கள். அது இரண்டாம் நாள் மதியத்தோடு தீர்ந்தது. தொட்டியின் அடிமட்டம் தெரியத் தொடங்கியபோது வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களே களப்பணியாளரிடம் கேட்டு, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பீப்பாய் வரவழைத்தோம். இந்தப் பயிற்சியில் நான் கண்ட மிகப் பெரிய குறை இது. ஏழ்மையைப் பற்றிக் கற்கச் செல்பவர்கள் அந்த வீட்டில் மிகவும் அருமையான பொருளை அறியாமல் செலவழித்துவிட்டு வருவதை எந்த ஒருங்கிணைப்பாளரும் முன்கூட்டியே தடுக்க முடியும். விருந்தினர் வருவதற்கு முதல் நாள் ஒரு டேங்கர் அனுப்பினால் போதும்.

நாளின் ஒழுங்கு எளியது. விடியும் முன் தேநீர். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் கிளறும் வேலை. பிறகு கம்பு ரொட்டியும் மிளகாய்ப் பூண்டுச் சட்னியும் மோரும். வெயில் தணிந்தபின் மீண்டும் பாத்தி. மரச்சட்டத்தை நான் இழுத்தபோது அரைமணி நேரத்தில் உள்ளங்கை கன்றிச் சிவந்தது. ரப்பர் காலணியையும் மீறி உவர்நீர் விரலிடுக்குகளில் எரிந்தது. நான் இழுத்த வரிசையை அந்த வீட்டுக்காரர் பிறகு மறுபடியும் இழுத்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் உழைப்பு அவர்களுக்கு உதவியாக இருந்தது என்று பயிற்சிக் கையேடு எழுதுவது சரியன்று. அந்த உழைப்பின் பயன் வேறு: பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேச்சு தானாக வருகிறது. பாயில் உட்கார்ந்து கேட்டபோது ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொன்ன அதே மனிதர், பாத்தியில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே தன் கணக்கு முழுவதையும் சொன்னார்.

அந்தக் கணக்கில்தான் இந்தப் பயிற்சி எனக்குத் தன் விலையைத் திருப்பித் தந்தது. எங்கள் அலுவலக விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பத்தின் மாத வருமானம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதில் எழுதப்படும் எண்ணை வைத்தே தகுதியைத் தீர்மானித்து வந்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. பருவம் தொடங்கும்போது வியாபாரி முன்பணமும் டீசலும் தானியமும் கொடுக்கிறார். அப்போதே உப்பின் விலையும் ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. அது ஒரு டன்னுக்குச் சில நூறு ரூபாய், அதாவது கிலோவுக்கு ஒரு ரூபாய்க்கும் கீழே. பருவம் முடிந்து உப்பை அள்ளிக்கொண்டு போன பிறகு கழித்துப் பார்த்தால் கையில் சிறிது மிஞ்சலாம். சில ஆண்டுகளில் கடன் மிஞ்சும். உவர்நீர் இறைக்கும் எஞ்சினுக்கான டீசலே செலவில் பாதிக்கு மேல் தின்றுவந்தது. சூரிய ஒளியில் இயங்கும் பம்புகள் வந்தபின், சேவா போன்ற அமைப்புகள் ஏற்பாடு செய்த கடனாலும் பின்னர் மாநில அரசு அளித்த மானியத்தாலும் அந்தச் செலவு பல குடும்பங்களுக்குக் குறைந்திருக்கிறது. இந்த வீட்டிலும் பலகைகள் இருந்தன. பகலில் சூரியன், இரவில் டீசல் என்று ஓட்டினார்கள். ஆனால் வீட்டுக்காரர் பலகையின் நன்மையாகச் சொன்னது சேமிப்பை அன்று. “டீசலை வியாபாரிதான் தருவார், அதனால் உப்பையும் அவருக்குத்தான் தர வேண்டியிருந்தது. இப்போது பாதியளவு டீசல்தான் வாங்குகிறேன். அதனால் பாதியளவு பேச முடிகிறது” என்றார். பம்புக்கான கடன் விண்ணப்பம் ஒன்று என் மேசைக்கு வந்திருந்தால் நான் எரிபொருள் மிச்சத்தைக் கணக்கிட்டு, திரும்பச் செலுத்தும் காலத்தை நிர்ணயித்து அனுப்பியிருப்பேன். அவர் சொன்ன அந்தப் பேரம் பேசும் வலிமைக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. தவணையை மாதந்தோறும் வசூலிக்கவும் பரிந்துரைத்திருப்பேன். எட்டு மாதம் கையில் காசே பார்க்காத குடும்பம் மாதத் தவணைக்காக அதே வியாபாரியிடம் மீண்டும் போய் நின்றிருக்கும்.

ரானுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் கேட்டுவரும் கதை ஒன்று உண்டு. ஆண்டாண்டு காலம் உப்பில் நின்று இறுகிப்போன அகாரியாக்களின் பாதங்கள் சிதையில் எளிதில் எரிவதில்லை என்பது அது. நானும் அதைப் படித்துவிட்டுத்தான் போனேன். நான்கு நாட்களில் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என்னோடு வந்தவர் கடைசி நாள் கேட்டார். குடும்பத்தலைவி சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, வருகிறவர்கள் எல்லாரும் சாவைப் பற்றியே கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கலாமே என்றார். அவருடைய மூத்த குழந்தை பழைய பேருந்து ஒன்றை நிறுத்தி வகுப்பறையாக்கிய இடத்துக்குப் படிக்கப் போகிறது. மழைக்காலத்தில் கிராமத்துப் பள்ளி, எட்டு மாதம் பேருந்துப் பள்ளி என்று மாறி மாறிப் போகும் குழந்தை எந்த வகுப்பில் எதை விட்டுவிட்டது என்பது இரண்டு ஆசிரியருக்கும் தெரியாது என்பதுதான் அவருடைய கவலை. தேர்வுக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றி எந்தத் தாயும் படும் கவலை அது. நாங்கள் அதைக் கேட்பதற்கு நான்காம் நாள் ஆயிற்று.

நிலத்தைப் பற்றிய உண்மையும் அப்படித்தான் தெரிந்தது. தலைமுறைகளாக அதே இடத்தில் பாத்தி கட்டும் குடும்பத்துக்கு அந்த நிலத்தின்மேல் காகிதம் எதுவும் இல்லை. முறையாக நில அளவை செய்யப்படாத ரான் முழுவதும் வருவாய்த்துறையின் பேச்சில் ‘சர்வே எண் பூஜ்யம்’. 1970களில் அந்தப் பகுதி காட்டுக்கழுதைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், அங்கே உப்பு விளைவிப்பதே அனுமதிக்குரிய செயலா என்ற கேள்வி இந்தக் குடும்பங்களின் தலைக்குமேல் நிற்கிறது. பிணையாகக் காட்ட நிலப் பத்திரம் கேட்கும் எந்தக் கடன் திட்டமும் இவர்களை முதல் பக்கத்திலேயே விலக்கிவிடும். இதை அலுவலகத்தில் இருந்தபடியே படித்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் படித்திருந்தும் நான் அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து நீக்க முயன்றதில்லை.

என் தாயாரின் ஊர் ஆறுமுகநேரிக்கு அருகே இருப்பதால், உப்பளம் எனக்குப் புதியதன்று. வெண்மையான அம்பாரங்களைப் பார்த்து வளர்ந்தவள். ரானுக்குப் போகுமுன் ‘உப்புத் தொழிலாளி’ என்றால் எங்கும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பு வாருபவர் பெரும்பாலும் அளத்துக்காரரிடம் கூலிக்கு நிற்பவர். அவருடைய பிரச்சினை கூலியும், நிழலும், கழிப்பறையும், ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் வேலை நின்றுபோவதும். அந்த மழைக்கால மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது இதன்பொருட்டே. ரானில் உப்பு விளைவிப்பவர் கூலிக்காரர் அல்லர். விளைச்சலின் இழப்பு முழுதும் அவருடையது, விலை மட்டும் அவருடையதன்று. பருவம் தவறி மழை பெய்தால் தூத்துக்குடித் தொழிலாளி சில நாள் கூலியை இழக்கிறார். அகாரியா பூத்த உப்பையும் அதற்கு எரித்த டீசலையும் சேர்த்து இழக்கிறார். ஒரே பெயரில் ஒரே நலத்திட்டத்தை இரண்டு இடத்துக்கும் எழுதக் கூடாது என்பதை அந்தப் பாத்தி வரப்பில் நின்றபோது திட்டவட்டமாக உணர்ந்தேன்.

மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்; பயிற்சியின் தரம் முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. எனக்குக் குஜராத்தி தெரியாது, இந்தி ஓரளவு தெரியும். எங்களுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் நல்ல உள்ளம் கொண்ட இளைஞர், ஆனால் நகரத்துக் கல்லூரியில் படித்தவர். குடும்பத்தலைவி நீளமாகப் பேசியதை அவர் இரண்டு வாக்கியமாகச் சுருக்கினார். வீட்டுக்காரர் வியாபாரியைப் பற்றிச் சொன்ன கசப்பான சொற்களை மென்மையாக்கினார். ‘கடன்’ என்று அவர் பெயர்த்த சொல் உண்மையில் முன்பணம் என்பதும், அந்த இரண்டுக்கும் அந்த வீட்டில் பெரிய வேறுபாடு இருப்பதும், களப்பணியாளரான பெண் இடையிட்டுத் திருத்தியபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணும் ஒரு அகாரியாக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இருந்த வேளைகளில் உரையாடல் வேறு ஆழத்துக்குப் போனது. அவரோ இரண்டு குடிசைகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தார். சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மொழிபெயர்ப்பவர் அந்தத் தொழிலை அறிந்தவரா என்பதே என்பேன்.

அடுத்த கேள்வி பணத்தைப் பற்றியது. விருந்தளித்த குடும்பத்துக்கு என்ன தரப்படுகிறது என்று அறிமுக நாளிலேயே கேட்டேன். உணவுச் செலவுக்கும் வேலை தடைப்பட்டதற்கும் ஈடாக ஒரு தொகை தரப்படுவதாகச் சொன்னார்கள். பிறகு தெரியவந்த அளவில், என் அலுவலகம் எனக்காகச் செலுத்திய கட்டணத்தில் அந்தக் குடும்பத்துக்குப் போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பயணம், தங்குமிடம், பணியாளர் சம்பளம் என்று மீதிக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆயினும் இந்தப் பயிற்சியில் கற்பிப்பவர்கள் அந்தக் கணவனும் மனைவியும்தான். நகரத்தில் ஒரு நாள் வகுப்பெடுக்கும் வல்லுநருக்கு நாம் தரும் மதிப்பூதியத்தை நினைத்துப் பார்த்தால், நான்கு நாட்கள் தங்கள் வீட்டையும் தொழிலையும் கணக்கையும் திறந்து காட்டியவர்களுக்கு அதைவிடக் குறைவாகத் தருவதற்கு எந்த நியாயத்தையும் என்னால் காண முடியவில்லை. பணம் கொடுத்தால் உறவு கெட்டுவிடும் என்று இந்தத் துறையில் சிலர் வாதிடுவதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. குடும்பத்தலைவியிடம் வெளிப்படையாகக் கேட்டபோது, பணம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எவ்வளவு என்று முன்பே சொன்னால் போதும் என்றார். அவருக்கு அது முன்பே சொல்லப்படவில்லை.

உரையாடல் பகுதி பட்டணத்தில் ஒரு விடுதிக் கூடத்தில் ஒன்றரை நாள் நடந்தது. தங்குதல் எவ்வளவு செறிவாக இருந்ததோ, இது அவ்வளவு மேலோட்டமாக இருந்தது. ஒவ்வொருவரும் தாங்கள் நெகிழ்ந்த கணத்தைச் சொன்னார்கள்; சிலர் கண்கலங்கினார்கள். அந்த உணர்வை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் வந்திருந்தவர்களில் வங்கி அலுவலர், அரசுத் துறையினர், நிதி வழங்கும் அறக்கட்டளையினர் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் பலர். யாருடைய எந்த விதி எந்தக் குடும்பத்தை எப்படி விலக்குகிறது என்று பெயர் சொல்லி, எண் சொல்லி விவாதிக்க வேண்டிய நேரம் அது. 2004 அகமதாபாத் சந்திப்பின் சிறப்பே, தங்கித் திரும்பிய பொருளாதார அறிஞர்களும் சேவாவினரும் தங்கள் கருத்து வேறுபாட்டை மறைக்காமல் வைத்து வாதிட்டதுதான். அந்த உரையாடல் பின்னர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற இடங்களிலும் ஆண்டுகள் பல தொடர்ந்தது. எங்கள் கூடத்தில் கருத்து வேறுபாடே எழவில்லை. விருந்தளித்த குடும்பங்களிலிருந்து ஒருவரும் அழைக்கப்படவில்லை. பருவ வேலையை விட்டு அவர்களால் வர முடியாது என்றார்கள். அப்படியானால் உரையாடலை ரானிலேயே, ஒரு பாத்தியின் ஓரத்தில், மாலை வேளையில் நடத்தியிருக்கலாம்.

யார் போகலாம் என்று கேட்டால், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர்கள் போக வேண்டும் என்பேன். குஜராத்தின் ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனமான இர்மா தன் மாணவர்களைப் படிப்பின்போதே கிராமத்தில் தங்க வைக்கிறது. பிரதான் என்னும் ஊரக வளர்ச்சித் தொண்டு நிறுவனம் புதிதாகச் சேரும் இளைஞர்களை ஓராண்டுக் களப்பயிற்சிக்கு அனுப்புகிறது. இளமையில் கிடைக்கும் அந்த அனுபவம் நல்லது. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து விதிகளை எழுதும் பதவிக்கு வரும்போது அது மங்கிவிடுகிறது. திரும்பப் போக முடியாத பயிற்சியில் சேர வேண்டாம் என்றும் சொல்வேன். வங்கதேசத்தில் 2007 முதல் 2011 வரை ஸ்வீடன் ஆதரவில் நடந்த ‘ரியாலிட்டி செக்’ ஆய்வில், ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அதே குடும்பங்களிடமே திரும்பச் சென்று தங்கினார்கள்; கல்வி, சுகாதாரத் திட்டங்கள் அந்த வீட்டு வாசல் வரை எப்படி வந்து சேர்கின்றன, அல்லது சேராமல் போகின்றன என்பதை அப்படித்தான் கண்டார்கள். ஒருமுறை தங்கியவரிடம் வீட்டார் மரியாதையாகப் பேசுவார்கள். மறுபடியும் வருகிறவரிடம்தான் சென்ற முறை சொன்னதில் எது முழு உண்மையன்று என்பதையும் சொல்வார்கள். நான் சேர்ந்த பயிற்சியில் திரும்பச் செல்ல ஏற்பாடு எதுவும் இல்லை.

என் அலுவலகத்தில் மாதத் தவணையைப் பருவத் தவணையாக மாற்றும் முன்மொழிவு ஏற்கப்பட்டிருக்கிறது. நிலப் பத்திரம் பற்றிய கட்டம் இன்னும் படிவத்தில் இருக்கிறது. புறப்படும் காலையில் குடும்பத்தலைவியிடம், எங்களைப் போன்றவர்கள் எந்த மாதத்தில் வந்தால் உங்களுக்குத் தொந்தரவு குறைவு என்று கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்று களப்பணியாளர் சொன்னார். குடும்பத்தலைவி யோசித்துப் பதில் சொன்னார்: பிப்ரவரியில் உப்பு பூத்திருக்கும், கிளறத் தெரியாதவர் கால்வைத்தால் கெட்டுவிடும், தீபாவளி முடிந்து வாருங்கள், அப்போது பாத்தியின் தரையை மிதித்து இறுக்க வேண்டும், அதற்குத் திறமை வேண்டாம், கால்கள் இருந்தால் போதும், எத்தனை பேர் வந்தாலும் வேலை உண்டு, தண்ணீரை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள். நவம்பரில் பத்து நாள் விடுப்புக்கு எழுதியிருக்கிறேன். பயிற்சி நடத்தும் அமைப்புக்கும் அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர்களுடைய அடுத்த பயிற்சி மீண்டும் பிப்ரவரியில்தான் என்று அறிவிப்பு வந்திருக்கிறது.